டிஸ்க் ஃபுல்: அழிக்கறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

லினக்ஸ் பயன்படுத்தற எல்லாரும் என்னைக்காவது ஒரு நாள் சந்திக்கற பிரச்சனையைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். டிஸ்க் ஃபுல்.

முதல்ல ஓரத்துல ஒரு நோட்டிஃபிகேஷன் வரும், இடம் கம்மியா இருக்குன்னு. அதை க்ளோஸ் பண்ணிட்டு வேலையைப் பார்ப்போம். ரெண்டு நாள் கழிச்சு ஃபைல் சேவ் ஆகாது. அப்டேட் பாதியில நிக்கும். ரீஸ்டார்ட் பண்ணினா, பாஸ்வேர்டு சரியாப் போட்டாலும் லாகின் ஸ்க்ரீனே திரும்பத் திரும்ப வரும். ஏன்னா உள்ள போறதுக்கே சிஸ்டம் சில சின்ன ஃபைல்களை எழுதணும், அதுக்குக்கூட இடம் இல்ல.

அந்தப் பதட்டத்துல நம்ம கை எங்க போகும்? டவுன்லோட்ஸ், வீடியோ, பழைய போட்டோ. ஆனா யோசிச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியற ஃபோல்டர்ல இருக்கறது எல்லாம் நீங்களா கொண்டு வந்து வச்சது. போனா திரும்ப வராத விஷயங்கள் அதுலதான் இருக்கு. மெஷின் தானா சேர்த்து வச்ச குப்பை எல்லாம் நீங்க எட்டிப் பாக்காத இடத்துல இருக்கு. அதுல நிறைய, அழிச்சாலும் திரும்ப வரக்கூடியது.

அதனால இன்னைக்கு ரெண்டே விஷயம். ஒண்ணு, அழிக்கறதுக்கு முன்னாடி அளக்கணும். ரெண்டு, எதை அழிக்கப் போனாலும் "இது திரும்ப வருமா?"ன்னு கேக்கணும்.

ஒரு சின்னக் குறிப்பு: கமாண்டை எல்லாம் வாயால சொல்ற மாதிரியே சொல்றேன். எல்லாமே சின்ன எழுத்து. பெரிய எழுத்து வந்தா தனியா சொல்லிடறேன். நான் சொல்ற கணக்கு எல்லாம் உபுண்டு, மின்ட், டெபியன் மாதிரியான சிஸ்டத்துக்கு.

உள்ளயே போக முடியலைன்னா

லாகின் ஸ்க்ரீன்ல மாட்டிக்கிட்டவங்க கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க. கறுப்பு ஸ்க்ரீன்ல டெக்ஸ்ட் லாகின் வரும். அங்க உங்க பேர், பாஸ்வேர்டு போட்டு உள்ள போகலாம். போனதும் 'சூடோ ஏபிடி க்ளீன்'. இன்ஸ்டால் பண்ணும்போது டவுன்லோட் ஆன பேக்கேஜ் ஃபைல்களை மட்டும்தான் இது தூக்கும். இன்ஸ்டால் ஆன சாஃப்ட்வேருக்கு ஒண்ணும் ஆகாது. மூச்சு விடற அளவுக்கு இடம் கிடைச்சா போதும், மீதியை நிதானமாப் பார்க்கலாம்.

முதல் அளவு: டிஎஃப்

டைப் பண்ணுங்க: டி எஃப், ஒரு ஸ்பேஸ், ஹைஃபன், ஹெச். ஒவ்வொரு பார்ட்டிஷனும் எவ்வளவு பெருசு, எவ்வளவு நிறைஞ்சிருக்கு, எவ்வளவு மிச்சம்னு ஒரு டேபிள் வரும்.

இங்கயே சிலருக்கு முதல் அதிர்ச்சி. "256 ஜிபின்னு சொல்லித்தானே வித்தாங்க, 234தானே காட்டுது?" ஏமாத்தல. விக்கறவங்க 1000, 1000-ஆ பெருக்கறாங்க, டிஎஃப் 1024, 1024-ஆ வகுக்குது. அந்தக் கணக்குல 256 ஜிபி, 238 ஆயிடும். மீதி கொஞ்சம் பூட் பார்ட்டிஷனுக்கும் ஃபைல் சிஸ்டத்தோட சொந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் போகும்.

சில மெஷின்ல 'லூப்'னு ஆரம்பிக்கற வரி நிறைய வரும், எல்லாம் 100 சதவீதம்னு காட்டும். பயப்படாதீங்க. அது ஸ்னாப் பேக்கேஜ். படிக்க மட்டும் முடியற, அளவெடுத்துத் தச்ச பெட்டி மாதிரி. எப்பவும் ஃபுல்லாத்தான் இருக்கும்.

நீங்க பாக்க வேண்டியது கடைசியில வெறும் ஸ்லாஷ் மட்டும் இருக்கற வரி. அதுதான் ரூட். ஸ்லாஷ் பூட் தனி பார்ட்டிஷனா இருந்து அது நிறைஞ்சிருந்தா காரணம் பழைய கெர்னல்கள்தான். அதுக்கு அப்புறம் வரேன்.

ரெண்டாவது அளவு: டியூ

டிஎஃப் எவ்வளவு போச்சுன்னு சொல்லும், எங்க போச்சுன்னு சொல்லாது. அதுக்குத்தான் டி யூ. கமாண்ட் இது: சூடோ, டி யூ, ஹைஃபன் எக்ஸ் ஹெச் டி 1, ஸ்பேஸ், ஸ்லாஷ். அப்புறம் ஒரு பைப் போட்டு, சார்ட், ஹைஃபன் ஹெச்.

இதுல 'எக்ஸ்' ரொம்ப முக்கியம். அது இல்லைன்னா சொருகி வச்சிருக்கற எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து எண்ணிடும். 'டி 1'ன்னா ஒரு படி மட்டும் காட்டு. சார்ட் போட்டதால பெரிய ஃபோல்டர் கடைசியில வந்து நிக்கும். அந்த ஃபோல்டர் பேரைப் போட்டு மறுபடி அதே கமாண்ட். இப்படி நாலஞ்சு படி இறங்கினா குற்றவாளி சிக்கிடுவார்.

இது போரடிச்சா 'என்சிடியூ'ன்னு ஒரு டூல் இருக்கு. ஆரோ கீயை வச்சு ஃபோல்டர் ஃபோல்டரா இறங்கிப் பார்க்கலாம். அதுல டி கீ அழுத்தினா டிலீட்னு அர்த்தம், ஜாக்கிரதை. மவுஸ்தான் வசதின்னா உபுண்டுல 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' இருக்கு, வட்டப் படமாவே காட்டும்.

திரும்ப வருமா?

இப்ப பெரிய ஃபோல்டர் எதுன்னு தெரிஞ்சிடுச்சு. மூணு குவியலாப் பிரிச்சுக்கலாம்.

முதல் குவியல், தாராளமா அழிக்கலாம், வேணும்னா திரும்ப வரும். ஏபிடி கேஷ் பத்திச் சொல்லிட்டேன். உங்க ஹோம் ஃபோல்டர்ல புள்ளி வச்சு ஆரம்பிக்கற 'டாட் கேஷ்' இன்னொண்ணு. பிரவுசர், பிப், போட்டோ தம்ப்நெயில் எல்லாம் அங்கதான் குடியிருக்கு. கோட் எழுதறவங்களுக்கு 'நோட் மாட்யூல்ஸ்'. என்னைக்கோ விட்ட ப்ராஜெக்ட் ஒவ்வொண்ணுலயும் ஒரு நோட் மாட்யூல்ஸ் தூங்கிட்டு இருக்கும். பேக்கேஜ் லாக் ஃபைல் இருந்தா, தேவைப்படும்போது அதே வெர்ஷன்களை மறுபடி இறக்கிக்கலாம்.

ஒரே ஒரு விஷயம்: திரும்ப வரும்னா சும்மா வராது. ஏஐ மாடல்களை விளையாடிப் பார்க்கறவங்க டாட் கேஷுக்குள்ள ஹக்கிங் ஃபேஸ்னு ஒரு ஃபோல்டர் பாருங்க. ஒவ்வொரு மாடலும் பல ஜிபி இருக்கும். அழிச்சா திரும்ப இறக்கலாம், ஆனா நீங்க தினம் ஒன்றரை ஜிபி மொபைல் டேட்டாவுல ஓட்டறவங்களா இருந்தா அது ஒரு வார டேட்டா. வைஃபை இருக்கற இடத்துல இருக்கும்போது முடிவெடுங்க.

ரெண்டாவது குவியல், திரும்ப வராது, ஆனா பெரும்பாலும் தேவையும் இருக்காது. பழைய கெர்னல், பழைய லாக், ட்ராஷ்.

கெர்னலுக்கு 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் ஹைஃபன் ஹைஃபன் பர்ஜ்'. அதுவே பழசை எடுத்துட்டு இப்ப ஓடறதை விட்டு வைக்கும். ஸ்லாஷ் பூட்டுக்குள்ள போய் நீங்களா கையால அழிக்காதீங்க. தப்பான ஃபைல் போனா அடுத்த தடவை மெஷின் எழுந்திரிக்காது.

லாக்ல முதல் ஆள் ஜர்னல். 'ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் டிஸ்க் ஹைஃபன் யூசேஜ்' போட்டா எவ்வளவு எடுத்திருக்குன்னு சொல்லும். மாத்தாம விட்டா பார்ட்டிஷன்ல 10 சதவீதம் வரைக்கும், அதிகபட்சம் 4 ஜிபி வரைக்கும் வளரும். குறைக்க, 'சூடோ ஜர்னல்சிடிஎல் ஹைஃபன் ஹைஃபன் வாக்கூம் ஹைஃபன் சைஸ்', சமக்குறி, 500, பெரிய எம்.

ஆனா ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லாக்ல சிஸ்லாக் ஃபைல் 30, 40 ஜிபிக்கு வளர்ந்திருந்தா, உடனே அழிக்காதீங்க. அது காய்ச்சல் மாதிரி, நோய் வேற எங்கயோ இருக்கு. ஏதோ ஒரு ப்ரோக்ராம் ஒரே எர்ரரை நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை எழுதிட்டு இருக்கும். 'டெயில்' கமாண்ட் போட்டு கடைசி வரிகளைப் படிங்க, யார்னு பேரே இருக்கும். அதைச் சரி பண்ணாம லாக்கை மட்டும் அழிச்சா அடுத்த வாரம் இதே கதைதான்.

மூணாவது குவியல், போனா போனதுதான். டாக்குமென்ட், போட்டோ, எஸ்எஸ்ஹெச் சாவிகள், புஷ் பண்ணாத கிட் ப்ராஜெக்ட். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாம மாட்டிக்கற இடம் ஒண்ணு இருக்கு: டாக்கர்.

டாக்கர்ல மட்டும் நிதானம்

'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' போட்டுப் பாருங்க. இமேஜ், கன்டெய்னர், வால்யூம், பில்ட் கேஷ்னு பிரிச்சு, எவ்வளவு மீட்கலாம்னு சொல்லும். பல பேருக்கு இங்கதான் பெரிய தொகை இருக்கும். பில்ட் கேஷும் இமேஜும் முதல் குவியல், திரும்ப வரும்.

'டாக்கர் சிஸ்டம் ப்ரூன்' போட்டா நின்னு போன கன்டெய்னர், பேர் இல்லாத இமேஜ், யாரும் பயன்படுத்தாத நெட்வொர்க், பில்ட் கேஷ் எல்லாம் போகும். "நின்னு போன கன்டெய்னர்"ங்கற வார்த்தையைக் கவனிங்க. போன மாசம் நிறுத்தி வச்ச கன்டெய்னருக்குள்ள ஒரு எஸ்க்யூலைட் ஃபைல் இருந்தா அதுவும் சேர்ந்து போயிடும்.

அதே கமாண்டோட 'ஹைஃபன் ஹைஃபன் வால்யூம்ஸ்' சேர்த்தா இன்னும் ஆபத்து. வால்யூம் பத்தி ஒண்ணுமே சொல்லாம போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் ஓட்டியிருந்தா, டாக்கர் தானா பேரில்லாத ஒரு வால்யூம் உண்டாக்கி உங்க டேட்டாவை அதுல வச்சிருக்கும். டேட்டாபேஸ் நிறுத்தி வச்சிருக்கற நேரத்துல இந்தக் கமாண்ட் ஓடினா முதல்ல கன்டெய்னர் போகும். அப்புறம் வால்யூமை யாரும் பயன்படுத்தலைன்னு அதுவும் போகும். ட்ராஷ்ல எல்லாம் தேட முடியாது. இன்டர்நெட்ல யாரோ போட்ட ஒரு வரிக் கமாண்டை அப்படியே ஒட்டறதுக்கு முன்னாடி அதுல இந்த வார்த்தை இருக்கான்னு பாருங்க.

இடத்தை மிச்சம் பண்றேன்னு ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் டாக்கருக்குள்ள நேரா போய் அழிக்கவும் வேண்டாம். டாக்கரோட கணக்கும் டிஸ்க்கும் ஒத்துப் போகாம குழம்பிடும். டாக்கர் விஷயத்தை டாக்கர் கமாண்ட் வழியாவே பண்ணுங்க.

கணக்கு உதைக்குதே?

இப்ப நம்ம லிசனர் ஒருத்தர் அனுப்பின கேள்விக்கு வரேன். இன்ஜினியரிங் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு ரெண்டு நாள் இருக்கு. மாடல் ட்ரெயினிங் நாலு நாளா ஓடிட்டு இருக்கு, டிஸ்க் ஃபுல். அடுத்த செக்பாயின்ட் சேவ் ஆகலைன்னா நாலு நாள் வேலை தண்ணியில போச்சு. டேட்டாசெட்டை அழிச்சிடலாமான்னு கேட்டிருந்தாங்க. கூடவே ஒரு வரி: "டிஎஃப் 222 ஜிபி போச்சுங்குது. டியூ போட்டுக் கூட்டினா 150தான் வருது. மீதி 72 எங்க?"

இந்த ஒரு வரிதான் அவங்களைக் காப்பாத்திச்சு. ஏன்னா டிஎஃப்பும் டியூவும் ஒரே விஷயத்தை எண்ணறதில்ல.

ஒரு தெரு முழுக்க வாடகை வீடுகள்னு வச்சுக்கங்க. டிஎஃப், ஓனர் கிட்ட போய் எத்தனை வீட்ல ஆள் இருக்காங்கன்னு நோட்டைப் பாத்துட்டு வரும். டியூ, தெருவுல நடந்து போய் வாசல்ல இருக்கற பேர்ப்பலகையைப் பாத்து எண்ணிட்டு வரும். பலகையைக் கழட்டிட்டு ஆள் மட்டும் உள்ள இருந்தா? ஓனர் நோட்ல இருப்பார், தெருவுல நடக்கறவருக்குத் தெரிய மாட்டார்.

லினக்ஸ்ல ஃபைலை அழிக்கறதுன்னா பலகையைக் கழட்டறதுதான். ஃபைலோட பேர் வேற, உள்ள இருக்கற டேட்டா வேற. ஏதாவது ஒரு ப்ரோக்ராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வச்சிருந்தா, பேர் போனாலும் டேட்டா போகாது. கடைசி ஆள் மூடற வரைக்கும் இடம் காலியாகாது.

இதைக் கண்டுபிடிக்க: சூடோ, எல் எஸ் ஓ எஃப், ஸ்பேஸ், ப்ளஸ், பெரிய எல், 1. பேர் போயும் திறந்திருக்கற ஃபைல்களை மட்டும் காட்டும். அவங்க மெஷின்ல வந்தது ட்ரெயினிங் ஸ்க்ரிப்டோட லாக். 70 ஜிபிக்கு மேல. இடம் பத்தலைன்னு ரெண்டு நாள் முன்னாடி அந்த லாக்கை அழிச்சிருக்காங்க, ஆனா ஸ்க்ரிப்ட் அதை மூடவே இல்ல, எழுதிக்கிட்டே இருக்கு.

வழக்கமான தீர்வு, அந்த ப்ரோக்ராமை ரீஸ்டார்ட் பண்றது. இங்க அது முடியாது, நாலு நாள் வேலை போயிடும். இன்னொரு வழி இருக்கு. எல்எஸ்ஓஎஃப் காட்டற வரியில ப்ரோக்ராமோட பிஐடி நம்பர் இருக்கும், எஃப்டிங்கற காலம்ல இன்னொரு நம்பர் இருக்கும். இப்ப: சூடோ, ட்ரங்கேட், ஹைஃபன் எஸ், 0, ஸ்பேஸ், ஸ்லாஷ் ப்ராக், ஸ்லாஷ் பிஐடி நம்பர், ஸ்லாஷ் எஃப்டி, ஸ்லாஷ் அந்த இன்னொரு நம்பர். எஃப்டி நம்பரோட ஒட்டி டபிள்யூ, யூ மாதிரி எழுத்து இருந்தா அதை விட்டுட்டு நம்பரை மட்டும் எடுங்க. ஃபைல் திறந்த மாதிரியே இருக்கும், உள்ள இருக்கறது காலியாகும். ட்ரெயினிங் நிக்காது. ரெண்டு நம்பரையும் ரெண்டு தடவை சரி பார்த்துட்டு என்டர் தட்டுங்க, ஏன்னா தப்பான நம்பர் போட்டா வேற ஃபைல் காலியாயிடும்.

அவங்களுக்கு அது போதுமா இருந்துச்சு. செக்பாயின்ட் சேவ் ஆச்சு, டேட்டாசெட்டும் தப்பிச்சுது. இனிமே ஓடற ப்ரோக்ராமோட லாக் பெருசானா, ஆர்எம் போடாம ட்ரங்கேட் போடுங்க.

இன்னும் மூணு ஒளிவிடம்

டிஎஃப் காட்டற டேபிள்லயே இன்னொரு புதிர் இருக்கு. மொத்தம் 234, போனது 222, மிச்சம் பூஜ்யம். அப்ப 12 ஜிபி எங்க? இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமா 5 சதவீதத்தை ரூட் யூசருக்குன்னு ஒதுக்கி வைக்கும். நம்ம ப்ரோக்ராம் எல்லாத்தையும் தின்னு தீர்த்தாலும் சிஸ்டம் மூச்சு விடணுமே, அதுக்காக. ரூட் பார்ட்டிஷன்ல அதை விட்டுடுங்க. வெறும் படமும் பேக்கப்பும் வைக்கற தனி பார்ட்டிஷன்னா அது வீண். 'சூடோ டியூன்2எஃப்எஸ் ஹைஃபன் எம் 1', அப்புறம் பார்ட்டிஷன் பேர். 5 சதவீதம் 1 ஆயிடும். எந்த ஃபைலும் போகாது. 1 டிபி டிஸ்க்ல இது மட்டுமே 37 ஜிபி.

அடுத்தது, டிஎஃப்ல ஜிபி மிச்சம் இருக்கு, ஆனாலும் இடம் இல்லைங்குது. 'டிஎஃப் ஹைஃபன் ஐ' போட்டுப் பாருங்க. அது ஐநோட் கணக்கு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோட் வேணும். இஎக்ஸ்டி4ல அந்த எண்ணிக்கை ஃபார்மட் பண்ணும்போதே முடிவாயிடும், வழக்கமா 16 கேபிக்கு ஒண்ணு. லட்சக்கணக்கான குட்டி ஃபைல் சேர்ந்தா ஜிபி தீரறதுக்கு முன்னாடி ஐநோட் தீர்ந்துடும். டியூவோட 'ஹைஃபன் ஹைஃபன் ஐநோட்ஸ்' சேர்த்தா எந்த ஃபோல்டர்ல எண்ணிக்கை அதிகம்னு காட்டும்.

மூணாவது, மூடி மறைஞ்ச ஃபோல்டர். எக்ஸ்டர்னல் டிஸ்க் சொருகாத ஒரு நாள்ல பேக்கப் ஸ்க்ரிப்ட் ஓடியிருக்கும். டிஸ்க் இல்லாததால பேக்கப் எல்லாம் அதே பேர்ல இருக்கற காலி ஃபோல்டருக்குள்ள, அதாவது உங்க ரூட்லயே விழுந்திருக்கும். மறுநாள் டிஸ்க்கைச் சொருகினா அந்த ஃபோல்டர் மேல புது டிஸ்க் வந்து உக்காந்துடும். கீழ இருக்கறது கண்ணுக்கும் தெரியாது, டியூவுக்கும் தெரியாது. டிஸ்க்கை அன்மவுன்ட் பண்ணிட்டு அதே ஃபோல்டரைத் திறந்து பாருங்க, தெரிஞ்சிடும்.

மறுபடி வராம இருக்க

க்ளீன் பண்றது ஒரு மணி நேர வேலை. அது மாசாமாசம் வராம இருக்க ரெண்டு செட்டிங் போதும். ஜர்னல்டி கான்ஃபிக் ஃபைல்ல 'சிஸ்டம் மேக்ஸ் யூஸ்'னு ஒரு வரி இருக்கு, அதுல 500 எம்னு எல்லை போடுங்க. டாக்கரோட டீமன் ஃபைல்ல லாகுக்கு 'மேக்ஸ் சைஸ்', 'மேக்ஸ் ஃபைல்' ரெண்டும் வைங்க. டாக்கர் வழக்கமா பயன்படுத்தற ஜேசான் லாகுக்கு எல்லையே கிடையாது, கன்டெய்னர் பேசப் பேச வளர்ந்துக்கிட்டே இருக்கும். இந்த செட்டிங் புதுசா உண்டாக்கற கன்டெய்னருக்குத்தான் பொருந்தும்ங்கறதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

புது எஸ்எஸ்டி வாங்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கறவங்க, கார்ட்ல போடறதுக்கு முன்னாடி டிஎஃப், டியூ ரெண்டையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் வந்து, இன்னைக்குச் சொன்ன எதுலயும் அடங்கலைன்னா, ரெண்டு அவுட்புட்டையும் காப்பி பண்ணி எனக்கு அனுப்புங்க. ஸ்க்ரீன்ஷாட் வேண்டாம், டெக்ஸ்டாவே அனுப்புங்க, படிக்கறதுக்கு வசதியா இருக்கும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.